மெயில் ஐடி யார் கையில்?

மின்னஞ்சல் என்ற சொல்லில் ‘மின்’ புதிது, ‘அஞ்சல்’ பழையது. கேரளத்தின் தமிழ் எல்லைப் பகுதிகளுக்கு அந்தப் பழைய சொல்லோடு நெருங்கிய உறவு உண்டு. திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரண்டு ராஜ்ஜியங்களும் தங்கள் தபால் துறையை அஞ்சல் என்றே அழைத்தன. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சல்காரருக்கு வழியில் இருப்பவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். திருவிதாங்கூர் 1888-இல் சங்குச் சின்னத்துடன் தன் முதல் தபால்தலையை வெளியிட்டது. கொச்சி 1892-இல் வெளியிட்டது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தவை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. பாலக்காடு நகரமோ பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது. 1951-இல் ராஜ்ஜியங்களின் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வந்த மின்னஞ்சல், கடந்த 30 ஆண்டுகளுக்குள் இந்தப் பகுதியில் இரண்டு வேலைகள் பார்த்திருக்கிறது. முதலில் தூரத்து உறவுகளுக்கு இடையே கடிதமாக இருந்தது. பிறகு அந்த வேலையை வாட்ஸ்அப்பிடம் விட்டுவிட்டு, ஒருவர் யார் என்பதைக் கல்லூரிக்கும் வங்கிக்கும் அரசுக்கும் சொல்லும் முகவரியாக மாறியது. இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு மெயில் ஐடி இருக்கிறது. ஆனால் அதன் பாஸ்வேர்டு பல வீடுகளில் வீட்டுக்காரர் கையில் இல்லை. கடிதத்தின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்ததைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய மாற்றம்.

எல்லையும் மக்களும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வாழும் இரண்டு நிலப்பகுதிகள் இடுக்கியின் மலைகளும் பாலக்காட்டின் கிழக்குச் சமவெளியும். மூணாறு, தேவிகுளம், மறையூர், காந்தளூர், வட்டவடை, உடும்பன்சோலை, பீருமேடு, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகியவை மலைப்பக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வாளையாறு ஆகியவை சமவெளிப்பக்கம்.

இரண்டு பக்கத்தாருக்கும் உறவு மாநில எல்லைக்கு அப்பாலும் பரந்து கிடக்கிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக வந்தவர்களின் பூர்வீகம் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகள். மறையூர், காந்தளூர்க்காரர்களுக்குப் பக்கத்து டவுன் உடுமலைப்பேட்டை. உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஆட்கள் ஏறிவருகிறார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர்களின் சம்பந்திகள் பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கிறார்கள். கல்பாத்தி முதலான பாலக்காட்டு அக்ரஹாரங்களின் பிள்ளைகள் மும்பை மாட்டுங்கா, டெல்லி, சென்னை என்று போய், அங்கிருந்து அமெரிக்காவரை பரவியவர்கள். இப்படிப் பிரிந்து வாழ்கிற குடும்பங்களுக்குத் தகவல் தொடர்பு எப்போதுமே அன்றாடத் தேவையாக இருந்திருக்கிறது.

கடிதக் காலம்

இந்தியாவில் தபால் கார்டு 1879-இல் வந்தது. இன்லண்ட் லெட்டர் 1950-இல் வந்தது. எல்லைப் பகுதியின் குடும்பங்களை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கட்டிவைத்தது இந்த நீலத் தாள்தான். தோட்டத்து முகவரியில் தெருப் பெயர் இருக்காது. எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயம் எனப்படும் வரிசை வீட்டின் எண், ஆளின் பெயர் ஆகியவையே முகவரி. எழுதத் தெரியாத பெற்றோருக்கு லயத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் எழுத்தர். அம்மா சொல்லச் சொல்ல அது எழுதும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, மழை, பச்சைக் கொழுந்து, போனஸ், ஊர்த் திருவிழா, கொடுக்கல் வாங்கல் என்று வரிசையாகப் போய், ஓரங்களில் சின்ன எழுத்தில் விசாரிப்புகளை நிரப்பிக் கடிதம் முடியும்.

அவசரத்துக்குத் தந்தி இருந்தது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று லயங்கள் பதறிய காலம் அது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை அரசு நிறுத்தியபோது பதற யாரும் இல்லை, ஏனென்றால் அவசரம் அதற்கு வெகுகாலம் முன்பே தொலைபேசிக்குப் போய்விட்டது.

கடிதத்துக்குச் சில இயல்புகள் உண்டு. எழுதியவர் யார், எழுதிக்கொடுத்தவர் யார், படித்துச் சொன்னவர் யார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வந்த கடிதத்தைக் கம்பியில் குத்தியோ டிரங்குப் பெட்டியில் போட்டோ வைத்தார்கள். அது வீட்டுச் சொத்தாக இருந்தது. பின்னால் வந்த மின்னஞ்சல் இந்த இயல்புகளில் எவற்றை ஏற்றது, எவற்றை இழந்தது என்று பார்த்தால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

மின்னஞ்சல் வந்த வழி

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே செய்தி அனுப்பும் முறையை 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு ‘அட்’ என்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சிவா அய்யாதுரை, 1978-இல் மாணவராக இருந்தபோது எழுதிய ‘இமெயில்’ என்ற பெயருள்ள நிரலுக்கு 1982-இல் பதிப்புரிமை பதிவுசெய்தார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தாமே என்பது அவருடைய கோரிக்கை. கணினி வரலாற்றாசிரியர்கள் 1971-இன் பணியை முன்வைத்து அதை ஏற்பதில்லை.

இந்தியாவில் 1980-களின் பிற்பகுதியில் எர்நெட் வலையமைப்பு வழியாக ஐஐடிகளும் ஆய்வு நிறுவனங்களும் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கின. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அது முதலில் பெருநகரங்களோடு நின்றது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தபின் சின்ன நகரங்களுக்கு வந்தது. இதற்கிடையே 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். சொந்தக் கணினி இல்லாதவரும் எந்தக் கணினியிலிருந்தும் இலவசமாக அஞ்சல் பார்க்கலாம் என்ற நிலை அப்போது வந்தது. பிரவுசிங் சென்டர் என்ற கடை பிழைத்ததே இந்த வசதியால்தான்.

எல்லைப் பகுதியில் மின்னஞ்சலை முதலில் குடும்பக் கடிதமாக ஆக்கிக்கொண்டவை வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகள். விமானத் தபால் போய்ச்சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் போகும். மின்னஞ்சல் சில நொடியில் போனது, நீளத்துக்குக் காசு கேட்கவில்லை. அக்ரஹாரத்துத் தாத்தாக்கள் வாரத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போய், சென்டர் பையன் திறந்துகொடுக்க, வந்த அஞ்சலை அச்செடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வீட்டில் அது உரக்கப் படிக்கப்பட்டது. பதிலும் அப்படியே. தாளில் எழுதிக்கொண்டு போனதைச் சென்டர்காரர் அடித்து அனுப்பினார். லயத்துப் பிள்ளை செய்த வேலையை இங்கே கடைக்காரர் செய்தார். கடிதத்தின் பழக்கங்களோடுதான் மின்னஞ்சல் வீட்டுக்குள் வந்தது.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை வெளியிட்டு 1 ஜிபி இடம் தந்தது. அதுவரை சில எம்பி இடத்துக்குள் பழைய கடிதத்தை அழித்து அழித்துத்தான் புதியதைப் பெற வேண்டியிருந்தது. இனி எதையும் அழிக்க வேண்டாம் என்றானதும் மின்னஞ்சல் பெட்டி டிரங்குப் பெட்டிபோல ஆனது. பேரக்குழந்தையின் முதல் படம், கல்யாணப் பத்திரிகை, அறுபதாம் கல்யாணத்துக்கான கணக்கு என எல்லாம் அதில் சேர்ந்தன.

எழுத்து என்னும் தடை

மின்னஞ்சல் தமிழ்க் கடிதமாக முழுமை பெறாததற்கு முக்கியக் காரணம் எழுத்துரு. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தது. அனுப்பியவரிடம் இருந்த அதே எழுத்துரு பெறுபவர் கணினியிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லையென்றால் கட்டமும் கிறுக்கலுமாகத் திரை நிரம்பும். பிரவுசிங் சென்டர்களில் பெரும்பாலும் எழுத்துருவே இருக்காது. ஆகவே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். இன்னும் சிலர் கையால் எழுதி ஸ்கேன் செய்து இணைத்தார்கள்.

இந்தத் தடையை நீக்க உலகத் தமிழர் பலர் உழைத்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருளுக்கு முரசு அஞ்சல் என்றே பெயர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் எழுத்துருக் குறியேற்றத் தரங்களும் முன்வைக்கப்பட்டன. யுனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தாலும் அது சாதாரணக் கணினியில் ஒழுங்காக வேலை செய்ய 2000-க்குப் பிந்தைய இயங்குதளங்கள் வர வேண்டியிருந்தது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் அதன் பிறகு தட்டச்சை எளிதாக்கின.

தடை நீங்குவதற்குள் ஒரு தலைமுறை பழகிவிட்டது. மின்னஞ்சல் என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. பாட்டிக்குத் தமிழில் எழுத முடியாத ஊடகத்தில் பாட்டிக்கு எழுதுவது குறைந்தது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு இடையே மட்டும் மின்னஞ்சல் ஓடியது.

அக்‌ஷயா மையங்கள்

மலைத்தோட்டங்களுக்கும் சித்தூர் கிராமங்களுக்கும் கணினியைக் கொண்டுவந்தது கேரள அரசின் அக்‌ஷயா திட்டம். 2002 நவம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இதைத் தொடங்கிவைத்தார். மலப்புறம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி அறிமுகம் தருவது முதல் நோக்கம். பிறகு திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது.

கணினி எழுத்தறிவுப் பாடத்தில் மின்னஞ்சல் அனுப்பக் கற்பதும் ஒரு பகுதி. ஆனால் எஸ்டேட் தொழிலாளி அனுப்பிய மின்னஞ்சலைப் பெற ஊரில் ஆள் இல்லை. கயத்தாறிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கும் அண்ணனுக்கு மெயில் ஐடி இருந்தால்தானே பதில் வரும்? இரண்டு முனையிலும் ஆள் இருந்தால்தான் கடிதம் நடக்கும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் மின்னஞ்சல் உறவின் மொழியாகக் கடைசிவரை மாறவில்லை. அங்கே இன்லண்ட் லெட்டருக்குப் பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது, அதற்குப் பிறகு கைபேசி வந்தது.

அக்‌ஷயா மையங்களின் வேலை விரைவில் மாறிவிட்டது. கற்றுக்கொடுக்கும் இடமாகத் தொடங்கியவை, விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் இடமாக ஆயின. மின்கட்டணம், சான்றிதழ், ரேஷன் கார்டு, தேர்வு விண்ணப்பம் எல்லாம் அங்கே. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கும். வந்தவரிடம் இல்லையென்றால் அங்கேயே ஒன்று உருவாக்கி நிரப்புவார்கள். மின்னஞ்சலின் இரண்டாவது வாழ்க்கை பலருக்குத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான்.

கைபேசி வாங்கிக்கொண்ட பேச்சு

கைபேசிக்கு எல்லைப் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. கேரளம் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், தமிழ்நாடு இன்னொன்று. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பேசினால் எஸ்.டி.டி. கட்டணம். எல்லையோரத்தில் வீட்டுத் திண்ணையிலேயே தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும் கைபேசிக்கு ரோமிங் கட்டணம். ஆகவே இரண்டு மாநிலத்து சிம்மையும் வைத்துக்கொள்வது எல்லை வழக்கமாயிற்று. 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல். ஒன்இந்தியா திட்டத்தைக் கொண்டுவந்து நாடு முழுவதும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்றாக்கியது. 2017 வாக்கில் பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன.

2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப் கைபேசி எண்ணையே முகவரியாகக் கொண்டது. பயனர் பெயர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஆங்கில முகவரியை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டாம். 2013-இல் குரல்செய்தி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி டேட்டா விலை சரிந்தது. 2019-இல் இந்தியாவில் 40 கோடிப் பேர் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அவ்வளவுதான், குடும்பப் பேச்சு மொத்தமாக அங்கே இடம்பெயர்ந்தது. அமெரிக்கப் பேரனும் அக்ரஹாரத்துப் பாட்டியும் ஒரே குரூப்பில் சேர்ந்தார்கள். கல்பாத்தித் தேரோட்டத்தின் படம் தேர் நிலைக்கு வருமுன் நியூ ஜெர்சிக்குப் போய்ச்சேர்ந்தது.

ஆனால் கைபேசி சிக்னலை நம்பியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு 70 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போன அந்த மழையில் செய்தி வெளியே தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. மலைகளில் இன்னும் சிக்னல் எட்டாத லயங்கள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்து ஆன்லைன் வகுப்புக்காக மேட்டிலும் சாலையோரத்திலும் பிள்ளைகள் காத்திருந்ததை மூணாற்றுப் பகுதி மறக்கவில்லை.

குரலில் பிழைக்கும் தமிழ்

வாட்ஸ்அப் குரல்செய்தி எல்லைத் தமிழருக்குச் செய்த உதவி சாதாரணமானதல்ல. மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்களின் பெற்றோருக்குத் தமிழ் எழுதத் தெரியும், மலையாளம் பேச மட்டும் தெரியும். பாட்டிக்கு எழுத்தே தெரியாது. மூன்று தலைமுறைக்கும் பொதுவாக இருப்பது பேச்சுத் தமிழ் ஒன்றுதான். குரல்செய்தி அந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோகிறது. இடையில் எழுதிக்கொடுக்கவும் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டாம். கொழுந்து எடுக்கும் பெண் உணவு இடைவேளையில் மதுரையில் நர்சிங் படிக்கும் மகளிடம் தன் குரலிலேயே விசாரிக்கிறார். பல நூறு கடிதங்கள் தராத அந்தரங்கம் அது.

இழப்பும் உண்டு. குரலைத் தேடி எடுக்க முடியாது. எந்தத் தேதியில் எதைச் சொன்னோம் என்று திரும்பிப் பார்ப்பது கடினம். கைபேசி தொலைந்தால், பிரதி எடுத்துவைக்காவிட்டால், எல்லாம் போகும். நிதானமாக உட்கார்ந்து வரிசையாகச் சொல்லும் பழக்கமும் தேய்கிறது. கோபத்தையும் மன்னிப்பையும் எடுத்துச்செல்லும் நீண்ட கடிதத்துக்குத் துண்டுச் செய்திகள் ஈடாகாது. அப்படிப்பட்ட நேரத்தில் மட்டும் படித்த தலைமுறையினர் இன்றும் மின்னஞ்சலைத் திறக்கிறார்கள். சொத்துப் பிரிவினை, வரன் பேச்சு, நீண்ட மனத்தாங்கல் ஆகியவை தனிமனித மின்னஞ்சலில் எஞ்சியிருக்கும் பொருள்கள்.

அடையாளமாக மாறிய முகவரி

ஆண்ட்ராய்டு கைபேசியில் பிளே ஸ்டோரைத் திறக்கக் கூகுள் கணக்கு தேவை. கூகுள் கணக்கு என்றால் பெரும்பாலும் ஜிமெயில் முகவரி. ஆகவே கைபேசி வாங்கும்போதே மெயில் ஐடியும் வந்துவிடுகிறது. கடைக்காரர் பெயரைக் கேட்டு ஏதோ ஒரு முகவரியைப் போட்டுத் தருவார். வாங்கியவருக்கு அதை எழுதி வைக்கத் தோன்றாது. அன்றுமுதல் அந்த முகவரி அவருடைய படங்களுக்கும் தொடர்பு எண்களுக்கும் காவலாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆன்லைன் விண்ணப்பங்கள். நீட் தேர்வுப் பதிவுக்கு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கட்டாயம். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பதிவுசெய்யவும் மின்னஞ்சல் வேண்டும். கேரள பி.எஸ்.சி.யின் துளசி தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்தவர் தேர்வு அறிவிப்பிலிருந்து அனுமதிச் சீட்டு வரை அந்தக் கணக்கிலேயே பார்க்க வேண்டும். 2020-இல் எல்லைகள் மூடப்பட்டபோது குமுளி, போடிமெட்டு, வாளையாறு வழியாக மறுபக்கம் போக இரண்டு அரசுகளின் இணையதளங்களிலும் இ-பாஸ் பெற வேண்டியிருந்தது. தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போனவர்கள், ஒரு சாவுக்குப் போவதற்குக்கூட முதலில் இணையத்தில் பெயர் பதிய வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள்.

பணப் பரிமாற்றத்தில் மட்டும் இந்தியா வேறு வழியில் போனது. 2016-இல் வந்த யுபிஐ கைபேசி எண்ணைச் சார்ந்தது. ஆகவே அன்றாடத்தில் மின்னஞ்சல் கண்ணில் படுவதில்லை. தேவைப்படும் நாளில்தான் அது கேட்கப்படுகிறது. அந்த நாளில் அது திறக்காவிட்டால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துவிடும்.

பெயரும் எழுத்தும்

எல்லையில் ஒருவரின் பெயர் மூன்று எழுத்தில் வாழ்கிறது. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், மெயில் ஐடியில் ஆங்கிலம். முருகன் என்ற பெயரை மலையாள வழக்கில் ஆங்கிலமாக்குபவர் நடுவில் ‘கே’ போடலாம், தமிழ்நாட்டு வழக்கில் ‘ஜி’ போடுவார்கள். தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால் வரும். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் இன்னொரு மாதிரியும் மின்னஞ்சலில் வேறு மாதிரியும் இருந்தால், தனக்கு வந்த கடிதம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள 2012-இல் உலகத் தரம் வகுக்கப்பட்டுவிட்டது. 2014-இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறத் தொடங்கியது. ஆனால் விண்ணப்பப் படிவங்கள் அவற்றை ஏற்கப் பழகவில்லை. ஆகவே முகவரி ஆங்கிலத்திலேயே நிற்கிறது.

மொழியைப் பொறுத்தவரை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. காகிதத்துக்குக் கிடைத்த அந்த உரிமை இணையதளங்களுக்குள் இன்னும் போதிய அளவு நுழையவில்லை. தளங்கள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அங்கே இன்னொருவர் உதவியை நாட வேண்டியிருக்கிறது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்த அணுகல் தன் மொழியில் இருந்தால்தான் உரிமை முழுமையாகும்.

சாவி யாரிடம்?

கடிதத்தை எழுதிக்கொடுத்த பிள்ளைக்குக் கடிதத்தின் மேல் உரிமை இல்லை. அது தபால்பெட்டியில் விழுந்ததும் வேலை முடிந்தது. மெயில் ஐடியை உருவாக்கிக்கொடுத்தவரின் நிலை அப்படியல்ல. பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கலாம். மீட்பு எண்ணாக அவருடைய கைபேசி எண்ணே கொடுக்கப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. வந்தவருக்கு உதவும் அவசரத்தில் நடப்பது. ஆனால் கடை மூடினாலோ ஆள் வேலையை விட்டுப் போனாலோ அந்தக் கணக்கு அனாதையாகும்.

சிம் மாற்றுவதும் இதே ஆபத்தைக் கொண்டுவருகிறது. இரண்டு மாநில சிம் வைத்திருப்பவர் ஒன்றை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். மின்னஞ்சலின் மீட்பு எண் அதுவாக இருந்தால், பாஸ்வேர்டு மறந்தவருக்கு வரவேண்டிய ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

புழங்காத கணக்கு நிலைக்காது. 2 ஆண்டுகள் திறக்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாத்தா இறந்த பிறகு அவருடைய பெட்டியை யாரும் திறக்காவிட்டால், அவர் சேர்த்துவைத்த கடிதங்கள் அப்படியே அழியக்கூடும். டிரங்குப் பெட்டி கரையான் அரிக்கும்வரை காத்திருந்தது. மின்னஞ்சல் பெட்டிக்குக் காலக்கெடு உண்டு.

மோசடிக்காரர்களும் இந்த இடைவெளியில்தான் புகுகிறார்கள். வங்கியின் பெயரிலும் வேலைவாய்ப்பின் பெயரிலும் வரும் பொய் அஞ்சல்களைத் தன் பெட்டியைத் தானே பார்க்காதவரால் அடையாளம் காண முடியாது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய எண் 1930.

செய்ய வேண்டியவை

தீர்வுகள் பெரியவை அல்ல. மெயில் ஐடி உருவாக்கும்போது பாஸ்வேர்டை உரியவரே தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது வீட்டுக்குப் போனதும் மாற்ற வேண்டும். முகவரியைக் கைபேசியில் மட்டும் விடாமல் ரேஷன் கார்டோடு வைக்கும் நோட்டில் எழுத வேண்டும். மீட்பு எண் தன்னுடையதாக அல்லது வீட்டு ஆளுடையதாக இருக்க வேண்டும். சிம் மாற்றுமுன் கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும். முகவரியில் உள்ள பெயர் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்திருந்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

முதியோரின் பெட்டிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. தான் நெடுநாள் திறக்காவிட்டால் யாரிடம் உள்ளடக்கத்தை ஒப்படைக்கலாம் என்று முன்கூட்டியே குறிப்பிடும் வசதி 2013-இலிருந்து கூகுள் கணக்கில் இருக்கிறது. பழைய குடும்பக் கடிதங்களை ஒரு பென் டிரைவில் இறக்கி வைப்பதும் அச்செடுத்து வைப்பதும் ஒரு பிற்பகல் வேலை.

பொது ஏற்பாடுகளும் வேண்டும். அக்‌ஷயா மையங்கள் 2002-இல் எடுத்துக்கொண்ட கற்பிக்கும் வேலையை மறுபடி கையிலெடுக்கலாம். தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் தமிழ்ப் படிவங்களும் தமிழ் வழிகாட்டுக் குறிப்புகளும் மையத்தின் சுவரில் இருக்கலாம். தமிழ் வழிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தன் மெயில் ஐடியைத் தானே உருவாக்கி, வீட்டில் உள்ளவர்களின் கணக்கையும் சரிபார்த்து வரலாம். அன்று லயத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தது பள்ளிப் பிள்ளைதான். அம்மாவின் பாஸ்வேர்டை அம்மாவையே போடவைத்து, நோட்டில் எழுதச்சொல்லி, தான் திரும்பி நிற்கவும் அதே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.